கூட்டத்திற்கு முன்னும் பின்னும்: கென்யாவின் கவுண்டி அரசாங்கம் தரும் பாடம்

"எங்கட பிரச்சினையை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்வி எழுவதை நாம் அறிவோம். ஓர் அலுவலகம் மற்ற அலுவலகத்தைக் காட்டும். அந்த அலுவலகம் இன்னொரு திணைக்களத்தைக் காட்டும். இப்படி அலைந்து களைத்தவர்கள், பொது விடயங்கள் படித்தவர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் உரியவை என்று ஒதுங்கி விடுகின்றனர். அவர்கள் ஒதுங்கினாலும் முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. எந்த வீதி திருத்தப்படும், எந்தக் கிணறு ஆழமாக்கப்படும், சந்தையில் என்ன வரி அறவிடப்படும் என்பனவெல்லாம் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு நாளில் தீர்மானமாகின்றன.

உள்ளூர் அரசாங்கம் ஒன்று தனது அன்றாடப் பொது அலுவல்களை எப்படி நடத்துகிறது, சாதாரண கமக்காரர் ஒருவர் அதனுள் எந்த இடத்தில் நுழையலாம் என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம். இதற்கு ஆபிரிக்காவிலுள்ள கென்யா நாட்டை உதாரணமாக எடுத்துள்ளோம். அது கமத்தொழிலை நம்பி வாழும் நாடு. தேர்தலின் பின் வந்த வன்செயலால் பல்லாயிரம் கமக்காரக் குடும்பங்கள் காணிகளை விட்டு ஓடிய துயரத்தை அறிந்த நாடு. அந்தத் துயரத்தின் பின் தனது ஆட்சிமுறையைத் திருத்தி எழுதிய நாடு.

1. கவுண்டிகள் எப்படி வந்தன?

2007 டிசெம்பரில் கென்யாவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. முடிவு பற்றிய தகராறு இனமோதலாக மாறியது. சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசல்களை இழந்தனர். இவர்களுள் பெருந்தொகையானோர் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியின் கமக்காரர். பலர் ஆண்டுக்கணக்கில் கூடாரங்களில் வாழ்ந்தனர்.

இந்த மோதலுக்குக் காணிப் பிரச்சினை உட்படப் பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அதிகாரமும் பணமும் தலைநகரான நைரோபியில் குவிந்து கிடந்தமை. ஜனாதிபதி யாருடைய ஆளோ அவருடைய பிரதேசத்துக்கே வீதியும் வைத்தியசாலையும் வரும் என்று மக்கள் நம்பினர். மாவட்டங்களை நிர்வகித்தவர்களும் நைரோபியிலிருந்து நியமிக்கப்பட்டவர்களே. அவர்கள் மக்களுக்கு அல்ல, தம்மை நியமித்தவர்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தனர்.

2010 ஓகஸ்ற் 4ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பில் மக்கள் புதிய அரசியலமைப்பை ஏற்றனர். அதன்படி நாடு 47 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. கவுண்டி என்பது தெரிவுசெய்யப்பட்ட அரசாங்கத்தைக் கொண்ட ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 2013 மார்ச் 4ஆம் திகதித் தேர்தலுடன் கவுண்டி அரசாங்கங்கள் வேலையைத் தொடங்கின. நாட்டின் வருமானத்தில் ஆகக் குறைந்தது நூற்றுக்கு 15 பங்கு கவுண்டிகளுக்குப் போக வேண்டும் என்று அரசியலமைப்பே விதித்துள்ளது.

2. யார் யார் இருக்கின்றனர்?

கவுண்டி அரசாங்கத்துக்கு இரண்டு கைகள் உண்டு.

முதலாவது, நிர்வாகம். இதன் தலைவர் ஆளுநர். எமது நாட்டில் மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். கென்யாவில் கவுண்டி ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்கின்றனர். ஒருவர் இரண்டு தவணைகளுக்கு மேல் அப்பதவியை வகிக்க முடியாது. கமத்தொழில், சுகாதாரம், நீர் போன்ற துறைகளுக்குப் பொறுப்பாக அவருக்குக் கீழ் கூடியது 10 நிர்வாக உறுப்பினர்கள் இருப்பர். இவர்களைச் சபை அங்கீகரிக்க வேண்டும்.

இரண்டாவது, கவுண்டிச் சபை. நாடு முழுவதிலும் 1,450 வட்டாரங்கள் உள்ளன. ஒவ்வொரு வட்டாரமும் ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்து தனது கவுண்டிச் சபைக்கு அனுப்புகிறது. சபையில் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பதற்காகக் கூடுதல் உறுப்பினர்களும் நியமிக்கப்படுகின்றனர். சபை சட்டம் இயற்றுகிறது, வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரிக்கிறது, நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையைச் செய்விப்பது நிர்வாகம். அதற்குப் பணம் ஒதுக்க அனுமதிப்பது சபை. வட்டார உறுப்பினர் தாமாகவே வீதி போட்டுத்தர முடியாது. அந்த வீதி திட்டத்தில் இருக்கிறதா, பணம் ஒதுக்கப்பட்டதா, செலவு சரியா என்று கேட்பதே அவருடைய வேலை. "மெம்பரிட்டைச் சொன்னனாங்கள், ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லும்போது, அவரிடம் எதைக் கேட்டோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

3. எது கவுண்டியின் வேலை?

கமத்தொழில் விரிவாக்கம், கால்நடை வளர்ப்பு, பயிர் நோய்க் கட்டுப்பாடு, சந்தைகள், வியாபார அனுமதிப்பத்திரம், கூட்டுறவுச் சங்கங்கள், கவுண்டி வீதிகள், கிராமிய நீர் வழங்கல், கிராம மருந்தகங்களும் கவுண்டி வைத்தியசாலைகளும், முன்பள்ளிகள் ஆகியன கவுண்டியின் பொறுப்புக்கள். மண்ணையும் நீரையும் பாதுகாக்கும் திட்டங்களை நிறைவேற்றுவதும் அதன் கடமை.

பொலிஸ், நீதிமன்றம், ஆரம்பப் பாடசாலையும் அதற்கு மேற்பட்ட பாடசாலைகளும், பெருந்தெருக்கள், காணி உறுதி வழங்கல் ஆகியன கவுண்டியின் கையில் இல்லை. அவை தேசிய அரசாங்கத்தினதும் அதன் நிறுவனங்களினதும் பொறுப்பு.

இந்தப் பிரிவு இடம்பெயர்ந்தவருக்கு மிக முக்கியமானது. இழந்த காணியைப் பற்றிக் கவுண்டிக் கூட்டத்தில் எத்தனை முறை பேசினாலும் அந்தச் சபையால் உறுதி எழுதித் தர முடியாது. ஆனால் இப்போது குடியிருக்கும் இடத்தில் தண்ணீர், விதை, மாட்டுக்குத் தடுப்பூசி, பிள்ளைக்கு முன்பள்ளி என்பவற்றைப் பற்றி அதே கூட்டத்தில் பேசினால், அது உரிய இடத்தில் பேசியதாகும். ஒரே நாளில் இரண்டையும் கலந்து பேசினால் இரண்டும் பதிவாகாமல் போகலாம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கவுண்டி அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றே 2012ஆம் ஆண்டின் கவுண்டி அரசாங்கச் சட்டம் கூறுகிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று அது கேட்கவில்லை. "நீ இந்த ஊர் ஆள் இல்லை" என்ற பேச்சை அடிக்கடி கேட்பவர்களுக்கு இது சிறிய விடயமன்று.

4. சபை கூடும் நாளில் என்ன நடக்கின்றது?

கவுண்டிச் சபையின் அமர்வுகளும் அதன் குழுக்களின் அமர்வுகளும் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்று அரசியலமைப்பின் 196ஆம் உறுப்புரை கூறுகிறது. விசேட காரணம் உண்டென்று சபாநாயகர் தீர்மானித்தாலன்றிப் பொதுமக்களையோ செய்தியாளரையோ வெளியேற்ற முடியாது. சுவாகிலி, ஆங்கிலம், கென்யச் சைகை மொழி ஆகிய மூன்றில் எதிலும் அலுவல்களை நடத்தலாம்.

சபை கூடுமுன் அன்றைய நிகழ்ச்சி நிரல் தயாராகும். சபாநாயகரின் அறிவித்தல்கள், மனுக்கள், சமர்ப்பிக்கப்படும் அறிக்கைகள், பிரேரணைகள், சட்டமூலங்கள் என எல்லாம் வரிசைப்படி வரும். நிரலில் இல்லாத விடயம் பெரும்பாலும் அன்று பேசப்படமாட்டாது. ஆகவே கூட்ட நாளன்று வாசலில் நின்று உறுப்பினரைப் பிடிப்பதிலும் பார்க்க, கூட்டத்துக்கு முன்னரே விடயத்தை நிரலில் ஏற்றுவது பயன் தரும்.

பார்வையாளர் பகுதியில் இருப்பவர்கள் அமர்வைக் கேட்கலாம், பேச முடியாது. அவர்கள் பேசும் இடம் வேறு. அதுதான் குழு. ஒரு சட்டமூலம் முதலாம் வாசிப்பின் பின் உரிய குழுவுக்குப் போகும். குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். கமக்காரர் சங்கமும் மாதர் சங்கமும் சந்தை வியாபாரிகளும் பேசுவதும் எழுதிக் கொடுப்பதும் இந்தக் கட்டத்திலேயே. பின்னர் குழுவின் அறிக்கையுடன் சட்டமூலம் இரண்டாம், மூன்றாம் வாசிப்புக்களுக்குச் செல்கிறது. நிறைவேறியதும் ஆளுநர் 14 நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும், அல்லது தமது காரணங்களுடன் சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மூன்றாம் வாசிப்பு நாளில் ஊரே திரண்டு வாசலில் நின்றாலும், குழு இருந்த நாளில் ஐந்து பேர் போய் எழுதிக் கொடுத்ததற்கு அது ஈடாகாது.

5. ஆண்டின் நாட்காட்டி

காலபோகத்துக்கு விதைக்க வேண்டியவர் தை மாதத்தில் விதைநெல்லோடு வயலுக்குப் போவதில்லை. பொதுப்பணத்துக்கும் விதைப்புக் காலமும் அறுவடைக் காலமும் உண்டு. கென்யாவில் 2012ஆம் ஆண்டின் பொது நிதி முகாமைச் சட்டம் திகதிகளை இவ்வாறு வகுத்துள்ளது:

யூலை 1: நிதியாண்டு தொடங்குகிறது.

ஓகஸ்ற் 30க்குள்: அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் எப்படித் தயாரிக்கப்படும், மக்கள் எப்படிப் பங்குகொள்ளலாம் என்ற சுற்றறிக்கை வெளிவர வேண்டும்.

செப்ரெம்பர் 1க்குள்: அடுத்த ஆண்டில் செய்யவேண்டிய வேலைகளின் வருடாந்த அபிவிருத்தித் திட்டம் சபைக்கு வர வேண்டும்.

பெப்ரவரி 28க்குள்: எந்தத் துறைக்கு ஏறக்குறைய எவ்வளவு என்ற உச்ச அளவுகளைக் கூறும் அறிக்கை சபைக்கு வர வேண்டும்.

ஏப்பிரல் 30க்குள்: விபரமான செலவு மதிப்பீடுகள் சபைக்கு வர வேண்டும்.

யூன் 30க்குள்: சபை அவற்றை அங்கீகரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று உண்டு. 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று ஐந்தாண்டுத் திட்டங்கள் இதுவரை வந்துள்ளன.

இந்தத் திகதிகளைக் கூர்ந்து பாருங்கள். செப்ரெம்பரில் சபைக்கு வரும் வேலைப்பட்டியல் அடுத்த யூலையில் தொடங்கும் ஆண்டுக்குரியது. அப்படியானால் பட்டியலில் ஏற வேண்டிய விடயத்தை ஊர் மக்கள் அதற்கு முன்னரே பேசி முடித்திருக்க வேண்டும். மே மாதம் கூட்டத்துக்கு வந்து "எங்களுக்குக் குழாய்க் கிணறு வேண்டும்" என்று கேட்பவர் நியாயமானதையே கேட்கிறார். ஆனால் எட்டு மாதம் பிந்திக் கேட்கிறார். அதிகாரி "பார்ப்பம்" என்று சொல்லும்போது அதில் பாதி உண்மை இருக்கும்.

6. கேளாமல் போட்ட வரி: கியாம்புவில் நடந்தது

நைரோபிக்கு அருகே கியாம்பு என்ற கவுண்டி உள்ளது. 2013ஆம் ஆண்டில் புதிய கவுண்டி அரசாங்கம் நிதிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி வரிகளையும் கட்டணங்களையும் விதித்தது. சிலர் அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். மக்களிடம் உரிய முறையில் கருத்துக் கேட்கப்படவில்லை என்பது அவர்களின் வாதங்களுள் முக்கியமானது. பத்திரிகையில் விளம்பரம் போட்டோம் என்று மறுபக்கம் காட்டப்பட்டது.

2014 ஏப்பிரலில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கியது. மக்கள் பங்கேற்பு என்பது பெயருக்குச் செய்யும் சடங்காக இருக்கக்கூடாது என்றும், மக்கள் வழக்கமாகக் கூடும் இடங்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்றும் தீர்ப்பு விளக்கியது. வழிபாட்டுத் தலங்கள், 'பராசா' எனப்படும் ஊர்க்கூட்டங்கள், உள்ளூர் மொழி வானொலிகள் என்பவற்றை நீதிபதி சுட்டிக்காட்டினார்.

இந்தத் தீர்ப்பிலிருந்து நாம் இரண்டு விடயங்களைப் படிக்கலாம். அறிவித்தல் என்பது ஒட்டியவருடைய கணக்கில் அல்ல, வாசித்தவருடைய கணக்கில் பார்க்கப்பட வேண்டியது. ஒரு மூலையில் ஒட்டப்பட்ட கடதாசி அறிவித்தலாகாது. மற்றையது, கூட்டம் சரியாக நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர்களுக்கும் பதிவு வேண்டும். எந்தத் திகதியில் அறிவித்தார்கள், எந்த மொழியில், எத்தனை நாள் அவகாசம் தந்தார்கள் என்று குறித்து வைத்திருப்பவரின் வாயை அடைப்பது கடினம்.

7. கிராமத்தில் தொடங்கும் திட்டம்: மக்குவேனியின் முறை

நைரோபிக்குத் தென்கிழக்கே மக்குவேனி என்ற வறண்ட கவுண்டி உள்ளது. அங்கு மழை நம்பிக்கையில்லாதது. மாமரமும் தோடையும் சோளமும் பயறு வகைகளும் கால்நடையுமே மக்களின் சீவனோபாயம். எங்கள் வரண்ட வலயத்துக் கமக்காரருக்கு அந்த நிலம் அந்நியமாகத் தெரியாது.

2013 முதல் 2022 வரை அங்கு ஆளுநராக இருந்தவர் கிவுத்தா கிப்வானா. சட்டப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய காலத்தில் மக்குவேனி ஒரு படிமுறையை உருவாக்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் முதலில் மக்கள் கூடித் தமது தேவைகளைப் பேசுகின்றனர். அவர்கள் தெரிவுசெய்யும் பிரதிநிதிகள் அயற்கிராமங்கள் சேர்ந்த கூட்டத்துக்குப் போகின்றனர். அங்கிருந்து உபவட்டாரம், வட்டாரம், உபகவுண்டி, இறுதியாகக் கவுண்டி என்று ஆறு படிகள். மொத்தம் 30 வட்டாரங்கள். ஒவ்வொரு படியிலும் தேவைகள் ஒப்பிடப்பட்டு, முதலில் எது, பிறகு எது என்று வரிசைப்படுத்தப்படுகின்றன. கூட்டங்களுக்கு முன்னர், கவுண்டியால் எது முடியும், எவ்வளவு பணம் உண்டு என்று மக்களுக்கு விளக்கும் வகுப்புக்களும் நடத்தப்பட்டன.

வேலை தொடங்கிய பின்னும் மக்கள் விலகுவதில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் அந்த இடத்து மக்கள் தெரிவுசெய்யும் குழு ஒன்று உண்டு. சீமெந்துக் கலவை சரியா, கிணற்றின் ஆழம் சரியா என்று அது பார்க்கிறது. வேலை திருப்தி என்று இக்குழு ஒப்பமிட்ட பின்னரே ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கப்பட வேண்டும் என்பது முறை. கையொப்பம் ஒரு கமக்காரப் பெண்ணின் கையில் இருக்கும்போது, ஒப்பந்தக்காரர் அவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தக் கவுண்டியின் வரலாறு ஒரே நேர்கோடாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் ஆளுநருக்கும் சபைக்கும் இடையே வரவு செலவுத் திட்டம் பற்றிக் கடும் பிணக்கு மூண்டு அலுவல்கள் முடங்கின. கவுண்டி அரசாங்கத்தையே கலைக்க வேண்டும் என்று மக்கள் மனுக் கொடுக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. விசாரணைக்குழு ஒன்று அமர்ந்தது. 2015இல் ஜனாதிபதி கலைக்க மறுத்துவிட்டார். அதன் பின்னரே மேற்சொன்ன முறை வேரூன்றியது. மாமரம் மிகுந்த அந்தக் கவுண்டியில், கலம்பா என்னும் இடத்தில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலை ஒன்றும் கவுண்டியின் முயற்சியால் எழுந்தது.

8. குறைகளையும் அறிவோம்

சட்டத்தில் உள்ளது எல்லாம் 47 கவுண்டிகளிலும் நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. கூட்ட அறிவித்தல் ஓரிரு நாட்களுக்கு முன் வருவதுண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களில், ஆங்கிலத்தில் எழுதிய திட்டத்தைக் கையில் தந்து "கருத்தைச் சொல்லுங்கள்" என்பதுண்டு. தூரத்திலிருந்து வர வண்டிக்கூலி இல்லாதவர்களும், கூலிவேலையை விட்டு வரமுடியாதவர்களும் விடுபட்டுப் போகின்றனர். அரசியல்வாதிகள் தமது ஆட்களால் மண்டபத்தை நிரப்புவதும் உண்டு. நைரோபியிலிருந்து பணம் பிந்தி வருவதால் அங்கீகரித்த வேலைகள் நின்றுபோவதும், ஒப்பந்தக்காரருக்குக் கொடுபடாத கடன் குவிவதும் பல கவுண்டிகளின் தொடர்ந்த பிரச்சினை.

ஆகவேதான் கூட்டத்துக்குப் பின்னான வேலை முக்கியமாகிறது. கவுண்டி நிதியத்திலிருந்து பணம் எடுக்க வரவு செலவுக் கட்டுப்பாட்டாளர் என்ற சுயாதீன அதிகாரியின் அனுமதி வேண்டும். செலவு பற்றிய அவரது அறிக்கைகள் பகிரங்கமானவை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் அவ்வாறே. 2016ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி, ஒரு குடிமகன் கேட்ட தகவலுக்கு 21 நாட்களுக்குள் பதில் கிடைக்க வேண்டும். அதே 2016இல் எமது நாட்டிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இங்கு தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும்.

9. விடயத்தை எப்படி எழுதுவது?

ஓர் உதாரணத்தை எடுப்போம். இது விளக்கத்துக்காக நாம் ஆக்கியது. ஒரு கென்ய வட்டாரத்தில் மீளக்குடியேறிய குடும்பங்களின் குழாய்க் கிணற்றுப் பம்பி பழுதாகிவிட்டது. இரண்டு விதமாக அவர்கள் எழுதலாம்.

முதலாவது விதம்: "எங்கள் மக்கள் எல்லாவற்றையும் இழந்து பெருந்துன்பம் அனுபவிக்கின்றனர். தயவுகூர்ந்து எமது பகுதியை அபிவிருத்தி செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டாவது விதம்: "சந்தைக்கு வடக்கே உள்ள பொதுக் குழாய்க் கிணற்றின் பம்பி மார்ச் மாதம் பழுதாகியது. 64 குடும்பங்கள் இதனை நம்பியுள்ளன. பெண்கள் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் நடந்து ஆற்றுநீர் எடுக்கின்றனர். நீர்த்துறை அலுவலரிடம் ஏப்பிரலில் எழுத்தில் அறிவித்தோம், அதன் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. திருத்த வேலைக்கான விலைமதிப்பும் இணைக்கப்பட்டுள்ளது. பராமரிப்புக்கு மாதாந்தம் பணம் சேர்க்கச் சங்கம் தீர்மானித்துள்ளது. இவ்வேலையை வருடாந்தத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்கிறோம். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்."

இரண்டு மனுவிலும் துன்பம் ஒன்றே. முதலாவதை வாசிக்கும் அதிகாரி இரக்கப்படலாம், ஆனால் அவர் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் அதில் இல்லை. இரண்டாவது மனுவில் இடம், காலம், எண்ணிக்கை, முன்னர் எடுத்த முயற்சி, கேட்கும் செயல், எமது பங்கு ஆகிய ஆறும் உண்டு. மறுப்பதானாலும் அவர் காரணம் சொல்ல வேண்டும்.

மனுவை எங்கு கொடுப்பது என்பதும் முக்கியம். பம்பி திருத்துவது நிர்வாகத்தின் வேலை, ஆகவே அந்தத் துறைக்கு. சட்டத்தையோ வரியையோ மாற்றக் கேட்பதானால் சபைச் செயலாளருக்கு. எங்கு கொடுத்தாலும் பிரதியில் திகதியுடன் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். அந்தக் கடதாசியை நனையாத இடத்தில் வையுங்கள். ஓடும்போது எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்பதை அறிந்த நமக்கு, கடதாசியின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

நாம் கற்றுக்கொண்டவை

* எந்தப் பிரச்சினை எந்த அரசாங்கத்தின் வேலை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.
* கூட்டத்துக்கு முன்னரே விடயம் நிரலிலும் திட்டத்திலும் ஏற வேண்டும்.
* பொதுமக்கள் பேசக்கூடிய இடம் பெரும்பாலும் குழுவும் ஊர்க்கூட்டமும் ஆகும்.
* வரவு செலவுத் திட்டத்துக்கு நாட்காட்டி உண்டு. அதனை அறிந்தவரே காலத்தில் கேட்பார்.
* கூட்டம் முடிந்த பின் பதிவையும் பணத்தையும் வேலையையும் பின்தொடர வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

(வாசிகசாலையிலோ மாதர் சங்கத்திலோ ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து பேசுக. ஒருவர் குறிப்பெடுக்கட்டும்.)

1. நாம் இப்போது வாழும் இடத்தின் பிரதேச சபைக் கூட்டம் மாதத்தில் எந்த நாளில் நடைபெறுகிறது? எம்மில் யாராவது பார்வையாளராகப் போனதுண்டா?

2. எமது முகாமில் அல்லது கிராமத்தில் உள்ள மூன்று பிரச்சினைகளை எழுதுக. அவற்றுள் எது பிரதேச சபையின் வேலை, எது பிரதேச செயலகத்தின் வேலை, எது கமநல சேவை நிலையத்தின் வேலை?

3. கூட்டத்துக்கு வரமுடியாதவர்கள் எம்மிடையே யார்? தனித்து வாழும் பெண்கள், முதியோர், கூலிக்குப் போவோர் ஆகியோரின் கருத்தை யார், எப்போது போய்க் கேட்பது?

4. சபையின் அறிவித்தல்கள் எம்மிடம் எவ்வழியாக வருகின்றன? வராவிட்டால் எங்கே ஒட்டும்படி, எங்கே வாசிக்கும்படி கேட்கலாம்?

பயிற்சி

ஒரு வட்டாரக் கூட்டத்தை நடித்துப் பாருங்கள். ஒருவர் தலைவர், ஒருவர் அதிகாரி, ஒருவர் குறிப்பெடுப்பவர், மற்றவர்கள் ஊர் மக்கள். பணம் ஒரு வேலைக்கு மாத்திரமே உண்டு, கேட்கப்படும் வேலைகள் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிந்ததும், வாய் திறக்காமல் இருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவரைத் தலைவராக இருத்தி மீண்டும் நடத்துங்கள். பின்னர் இரண்டாவது கேள்வியில் எழுதிய பிரச்சினைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, மேலே கூறிய ஆறு விபரங்களுடன் மனுவாக எழுதி, உரிய இடத்தில் கொடுத்துப் பிரதியில் ஒப்பம் வாங்கி வாருங்கள்.